கூடையோடு உள்ளே வந்தவளுக்கு

இன்று காலையிலிருந்து புளியங்கொட்டைப் பசை கொதிக்கிறது. நம் நாடக மன்றத்துக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, தகர டப்பாவை ஏற்றி, வேலாயுதம் கிண்டிக்கொண்டிருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுத் திரை வேண்டும். கோணிகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தாயிற்று. பசை பூசிக் காயவைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தால்தான் வர்ணம் நிற்கும். அடிபிடித்த அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும், எழுதிக்கொண்டிருந்த வசனத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒரு தாளை எடுத்தேன்.

இந்த வாசனையை முதல்முதல் மோந்த அன்று நீ கேட்டது இன்னும் வேலாயுதத்துக்கே மறக்கவில்லை. "மீன் நாத்தம், மீன் நாத்தம்னு மூக்கப் புடிச்சீங்களே. இது இன்னா, மல்லிப்பூவா?"

உனக்கு எழுத்துத் தெரியாது. ஆறு வருஷப் பழக்கத்தில் உனக்கு ஒரு வரி எழுதவேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. இப்போது நீ போய்ப் பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்காதே. மன்றத்தில் ஒரு நாள் உரக்கப் படிக்கத்தான் எழுதுகிறேன். உன் பெயரை எடுக்காமலே உன்னைப் பற்றி ஊரில் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியே நின்றுவிடக் கூடாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கு அடுத்த வருஷம்தான் நமக்கு அந்தக் கட்டடம் கிடைத்தது. குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வேர்க்கடலைக் கிடங்கு. கப்பலில் கடலை ஏற்றிக்கொண்டிருந்த முதலாளி வியாபாரத்தை முடித்துக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். சாவி லூர்து அண்ணனிடம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் ஊதிவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பட்டாளத்துக்காரர்களை இந்த ஊரில் கூப்பிடுகிற மாதிரி அவரையும் 'சொல்தா' என்றே கூப்பிட்டோம். அவர் முதலாளிக்குக் கடிதம் போட்டு அனுமதி வாங்கினார். "இவ்ளோ பெரிய கட்டடம் எலிங்களுக்கு மட்டும் எதுக்கு? நாமளும் ஓரமா இருந்துட்டுப் போவோம்" என்றார்.

நான் அப்போது மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மில்லிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒட்டடை அடித்தோம். உள்ளே ஜன்னல் கிடையாது, கரண்டு கிடையாது. கூரையில் பத்து ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்த பிறகுதான் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. அதனால் நம்முடைய பாட்டும் கூத்தும் படம் வரைவதும் எல்லாமே பகலில்தான். பொழுது சாய்ந்தால் மேடையும் இருண்டுவிடும். ஊர்க்காரர்கள் கிண்டலாகப் 'பகல் மன்றம்' என்றார்கள். நாங்கள் அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டினோம். தலைவர் என்று யாரும் இல்லை, சம்பளம் என்று எதுவும் இல்லை. யார் கூட்டுவது, யார் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது என்று கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் நான் எழுதிவைப்பேன். எழுத்துத் தெரிந்தவள் என்பதால் எனக்கு அந்த வேலை. வசன நோட்டும் என் பொறுப்பு. திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பேன். மேடையில் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.

நீ வந்த அன்று சொல்தா கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தார். பெரிய மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில் நின்று கேட்டிருக்கிறாய். தலையில் கூடையோடு வாசலில் உன் உருவம் தெரிந்தது. நம் வேலாயுதம்தான், அவனும் அப்போது உன்னை அறியாதவன், மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னான்.

"யம்மா, கூடைய வெளிய வெச்சிட்டு வா. நாறுது."

நீ நகரவில்லை. "வெளிய வெச்சா காக்கா தூக்கிட்டுப் போயிடும். நான் உள்ள வந்தா கூடையும் உள்ள வரும்."

"அப்ப வெளியவே நின்னு கேளு."

"ஏன், பாட்டு உன் பாட்டன் வூட்டுதா?"

சொல்தா ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எழுந்து போய் உன் தலையிலிருந்த கூடையைத் தானே இறக்கி, வலதுபக்க மூலையில் வைத்தார். நீ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையில் இரண்டு கூடை. அதற்கடுத்த வாரம் ஐந்து. பிறகு கதவின் உள்பக்கம் 'மூலை கழுவுவது' என்று ஒரு புது வரி எழுதவேண்டி வந்தது. வேலாயுதம் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

உன் கதையை நீ சொன்னது அந்த மூலையில்தான். அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாய். உன் புருஷனும் அவன் தம்பியும் சேர்ந்து ஒரு கட்டுமரம் வைத்திருந்தார்கள். ஒரு கார்த்திகை மாதம் இரண்டு பேரும் போனார்கள். அலை அடித்துப் புரட்டியதில் தம்பி மட்டும் திரும்பினான். மரமும் திரும்பியது. காரியம் முடிந்த மறுநாள் தம்பி வந்து மரத்தோடு வலையையும் எடுத்துக்கொண்டு போனான். "பொம்பளைக்கு மரத்துல இன்னா பங்கு?" என்றானாம். குப்பத்துப் பஞ்சாயத்தில் நீ இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். இரண்டு தடவையும் உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கூடை தூக்கினாய்.

நான் அதை நாடகமாக எழுதட்டுமா என்று கேட்டேன். நீ கழுவிய கூடையைக் கவிழ்த்து வைத்தாய். "எழுது. ஆனா பேர மாத்திடாத" என்றாய். நான் பெயரை மாற்றித்தான் எழுதினேன். பயம்.

வேலாயுதம்தான் எப்போதும் பெண் வேஷம் கட்டுவான். புடவை கட்டி, நெற்றியில் கையை வைத்து, தேம்பித் தேம்பி அழகாக அழுது ஒத்திகை பார்த்தான். நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நீ மட்டும் சிரித்தாய்.

"இன்னா சிரிப்பு?" என்று அவனுக்குக் கோபம்.

"புருசன் செத்தா இப்படியா அழுவாங்க? எனக்கு அன்னைக்கு அழுகையே வரல. பசிதான் வந்துச்சி. எல்லாரும் சுத்தி உக்காந்து அழுவுறாங்க, எனக்குச் சோறு வேணும்னு இருக்குது. யார்கிட்ட கேப்பேன்?"

வேலாயுதம் முந்தானையை உருவி எடுத்தான். அவமானப்பட்டுக் கிளம்பப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை உன் கையில் கொடுத்தான். "இத நான் செஞ்சா பொய்யி. நீயே நில்லு" என்றான். அன்று முதல் அவன் திரை வரைகிறவன் ஆனான். உன் மைத்துனன் வேஷத்தையும் அவனே கட்டினான்.

மன்றத்து மேடையில் ஒரு மீன்காரி ஏறப்போகிறாள் என்ற சேதி குப்பத்துக்கு எட்ட ஒரு வாரம் ஆகவில்லை. பஞ்சாயத்தார் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வலை காயப்போடுகிற இடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் மைத்துனன் ஓரமாக நின்றான். பஞ்சாயத்துக்குத் தலைவராக இருந்த பெரியவர் மெதுவாகத்தான் பேசினார். அந்த மெதுவான பேச்சே எனக்குப் பயமாக இருந்தது.

"தாலி அறுத்தவ பல பேரு பாக்க ஆடறது நம்ம குப்பத்துல கெடயாதும்மா. மீறி ஏறினா, எந்த மரத்துலயும் உனக்கு மீன் போட மாட்டாங்க. தண்ணி, நெருப்பு எதுவும் கெடயாது. யாரும் பேச மாட்டாங்க. யோசிச்சிச் சொல்லு."

நீ யோசிக்கவில்லை. "மேட ஏறக்கூடாதுன்னு கூப்ட்டுச் சொல்றீங்க. மரத்த எடுத்துக்கினவன ஒரு நாளாவது கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா, பெரியப்பா?"

நீ மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாய்.

திரும்பி வரும்போது, "கொஞ்ச நாள் தள்ளி வெச்சிக்கலாம்டி" என்றேன்.

"தள்ளி வெக்கறதுக்கு இது இன்னா கல்யாணமா? உனக்குப் பயமா இருந்தா நோட்ட என் கையில குடுத்துடு."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"கையில வெச்சிக்கினு நிப்பேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

சொன்னபடியே மறுநாள் காலை உன் கூடையில் ஒரு மீன் விழவில்லை. கரையில் எல்லா மரத்தையும் பார்த்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பினாய். அதற்கடுத்த நாள் விடிவதற்குள் கிளம்பி, ஊரைத் தாண்டி, அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி, நோணாங்குப்பம் போனாய். ஆற்று நண்டும் மடவை மீனும் இறாலும் வாங்கி, அவ்வளவு தூரமும் தலையில் சுமந்து பெரிய மார்க்கெட் வந்து உட்கார்ந்தாய். உன் குப்பத்துப் பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். உன் ஓரகத்தி, அந்த மைத்துனன் பெண்டாட்டி, உனக்கு நேர் எதிரில். அவளும் பேசவில்லை. மில்லுக்குப் போகிற வழியில் ஒரு நாள் உன்னைப் பார்த்தேன். பாதம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது; எதிரிலிருந்த ஓரகத்தியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உரக்க எனக்கே விலை சொன்னாய். "நோணாங்குப்பத்து நண்டு! உசுரோட இருக்குது! கடல் மீனு வேணுங்கிறவங்க அந்தப் பக்கம் போங்க!" சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கத்தான் கத்தினாய். நாற்பது நாள் அப்படி நடந்தாய். ஒரு ஒத்திகைக்கும் நீ வராமல் இருந்ததில்லை.

நாடகத்தன்று மூன்று மணிக்கு ஆரம்பம். இரண்டு மணிக்கே வாசலில் குப்பத்து ஆம்பிளைகள் முப்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவை மறித்து நெருக்கமாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி. நாங்கள் உள்ளே எட்டுப் பேர். உன்னை எப்படியோ பின்பக்கமாகக் கொண்டுவந்துவிட்டோம். பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே தயங்கி நின்றார்கள். சொல்தா அந்த வெயிலில் பழைய பட்டாளத்துக் கோட்டைப் போட்டு, பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். வேர்வை ஆறாக ஓடியது. "ஒருத்தரும் வரலன்னாலும் ஆரம்பிச்சிடலாம். சுவத்துக்குக் காது இருக்குது" என்றார். நான் மூத்திரம் முட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைத்தானே எழுதவேண்டும்.

அப்போது பெரிய மார்க்கெட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். எல்லோர் தலையிலும் கூடை. முன்னால் உன் ஓரகத்தி. நேரே வந்து தன் புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

"எங்க போற?" என்றான் அவன்.

"கூடைய வெக்க. உள்ள ஒரு மூல இருக்குதாமே."

"போடி வூட்டுக்கு."

"தள்ளு. மீன் தண்ணி மேல ஊத்தும்."

அவன் தள்ளவில்லை. அவள் குனியவும் இல்லை. கூடையைக் கொஞ்சம் சாய்த்தாள், அவ்வளவுதான். அந்த வெள்ளை வேட்டியில் மீன் கழுவிய தண்ணீர் சளசளவென்று இறங்கியது. பின்னால் இன்னும் இருபது கூடை. அவனவனுக்கு முன்னால் தன் பெண்டாட்டியும் அக்காளும் அம்மாவும். கையை வைக்க யாராலும் முடியவில்லை. ஒருவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பிறகு இரண்டு பேர். வழி வந்துவிட்டது. அன்று மூலை போதாமல் பாதிக் கிடங்குக்குக் கூடை வைத்தோம்.

அந்த நாடகத்தில் கடைசியில் நீ கேட்கவேண்டிய வசனம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. நான் எழுதியது. நீ அதைச் சொல்லவேயில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை அடி எடுத்துக் கொடுத்தேன். நீ காதில் வாங்கவில்லை. கண்ணாடி ஓட்டு வழியாக விழுந்த வெயிலில் வந்து நின்று, உண்மையான உன் புருஷன் பெயரைச் சொன்னாய்.

"மரம் கரைக்கு வந்துச்சி. அவரு வரல. அவரோட பாதி எங்க போச்சி? யாராவது சொல்லுங்க."

பிறகு கூடைகளுக்கு நடுவிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "எங்க வூட்டுலதான் இருக்குது." அவள் புருஷன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஈர வேட்டியோடு போய்விட்டான்.

இதைக் கேட்பவர்கள் உனக்கு மரம் திரும்பக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. பஞ்சாயத்தும் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஓரகத்தி தன் பேரில் இரண்டு பங்கு மீன் வாங்கி, ஒன்றை உன் கூடையில் கொட்டினாள். கரையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நீயும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்களும் மன்னிக்கவில்லை. இப்படியே நாலு வருஷம் ஓடியது. அந்த நாலு வருஷத்தில் பகல் மன்றத்தில் பதினோரு நாடகம். ஒன்பதில் நீ. வேலாயுதம் வரைந்த கடலின் நிறம் சரியில்லை என்று அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கடலைக் காட்டினாய். "எந்த ஊர்க் கடல்டா இவ்ளோ நீலம்?" ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது, ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்து, அதையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டு பேசினாய்.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். மஞ்சள் காமாலை என்றார்கள். பத்தாம் நாள் காலையில் என் மடியில் தலை இருக்கும்போதே போய்விட்டாய். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாய். கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

மதியம் அந்தப் பஞ்சாயத்துப் பெரியவர் வந்தார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். கண் கலங்கித்தான் இருந்தது. "ஊர் தள்ளி வெச்ச ஒடம்பு. ஊராளுங்க தோள் குடுக்கணும்னா அவ சார்பா யாராவது பஞ்சாயத்து முன்னால விழுந்து கும்புடணும். நீதான் அவளுக்கு எல்லாம்னு சொல்றாங்க. ஒரே ஒரு தடவ விழுந்துடும்மா. நல்லபடியா எடுத்துடலாம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விழுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. மில்லில் மேஸ்திரி முன்னால் எத்தனை தடவை குனிந்திருக்கிறேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, எதையோ கேட்கப்போகிறவள் மாதிரி.

"அவ விழல" என்றேன். "அவளுக்காக நான் விழுந்தா எழுந்து வந்து என்ன அடிப்பா."

"அப்ப யாரு தூக்குவாங்க?"

"நான் தூக்குவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பெண்கள் பாடை தூக்கி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சுடுகாட்டுக்கே நாம் போவதில்லை. வேலாயுதமும் மில்லுக்காரர்களும் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஓரகத்தி வந்து, ஒரு மூங்கில் முனையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு பேரு போதும். நாங்க மாத்தி மாத்தித் தூக்குறோம்" என்றாள். தினம் அவ்வளவு பாரம் தலையில் சுமக்கிறவர்கள். உன்னைச் சுமப்பதா கஷ்டம்?

பட்டப்பகலில் போனோம். சொல்தா முன்னால் கிளாரினெட் ஊதிக்கொண்டு நடந்தார். ஒப்பாரி வாசிக்கவில்லை. நீ முதன்முதல் மன்றத்து வாசலில் நின்று கேட்ட அந்தப் பாட்டை வாசித்தார். தெருவில் கதவைச் சாத்தினார்கள், சிலர் காறித் துப்பினார்கள், ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ கை கூப்பினார்கள். எனக்கு இடது தோள். நூல் சுற்றுகிற என் தோளுக்குப் பழக்கமில்லை. மூங்கில் அழுத்தி அழுத்திச் சதை பெயர்ந்தது. மாற்றிக்கொள்ள மூன்று பேர் கேட்டும் நான் விடவில்லை. வேலாயுதம் அண்ணன் முறையில் கொள்ளி வைத்தான். நாங்கள் சுடுகாட்டிலேயே நின்று பார்த்தோம். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இப்போது இரண்டு சர்க்காரின் கையெழுத்தெல்லாம் முடிந்து, காகிதத்திலும் நாம் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. சொல்தாவைப் போன்றவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று எழுதிக் கொடுக்கவேண்டுமாம். "பகல் மன்றத்துக்காரன்னு எழுதினா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓரகத்தி மேடையில் உன் இடத்தில் நிற்கிறாள். உன்னளவு வரவில்லை. சொன்னால் என்னை அடிக்க வருகிறாள். அதில் மட்டும் உன்னை மிஞ்சிவிட்டாள்.

உன் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. எனக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வசையாகத்தான் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில், மில் வாசலில், கோயில் திருவிழாவில் காதில் விழும்படி சொல்வார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு போனேன். இப்போது குனிவதில்லை. நேற்று பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அறியாத பெண் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீதான அந்தப் பொணம் தூக்குனவ?"

"ஆமா, நான்தான்" என்றேன். சுற்றி நாலு கடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "ஞாயித்துக்கெழம மூணு மணிக்குப் பகல் மன்றத்துக்கு வா. யாரத் தூக்குனேன்னு சொல்றேன்."